கேமராவைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

சர்வீஸுக்கு வரும் எந்தக் கேமராவாக இருந்தாலும் நான் முதலில் குறித்துக்கொள்வது அதன் ஷட்டர் கவுண்டை. அதுவரை ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று சொல்லும் எண் அது. ஒருமுறை மதுரைக்காரர் ஒருவர் ஐரோப்பா டூருக்குக் கிளம்பும் முன் சென்சாரை, அதாவது படம் பதியும் சில்லை, துடைத்துக் கொடுக்கச் சொல்லி வந்தார். எண்ணைச் சர்வீஸ் சீட்டில் எழுதி வைத்தேன். பன்னிரண்டு நாள் டூர் முடிந்து, லென்ஸில் ஏதோ கறை தெரிகிறது என்று அதே கேமராவோடு திரும்ப வந்தார். இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 212.

பன்னிரண்டு நாளில், ஏழு ஊர்களில், 212 படம். அதிலும் பெரும்பாலானவை முதல் இரண்டு நாளில் எடுத்தவை. "கழுத்து வலி தாங்கல சார். மூணாவது நாள்லேர்ந்து ஹோட்டல் ரூம்லயே வச்சுட்டுப் போயிட்டேன். மிச்சமெல்லாம் போன்லதான் எடுத்தோம்" என்றார். அந்தக் கேமராவில் ஒரு குறையும் இல்லை. கல்யாண வீடுகளில் பத்து வருடம் அசராமல் உழைக்கக்கூடிய கேமரா. ஐம்பத்தெட்டு வயதில், மனைவியின் கைப்பையையும் தண்ணீர் பாட்டிலையும் சேர்த்துச் சுமந்துகொண்டு கல் பாவிய தெருக்களில் நாள் முழுக்க நடக்கிற மனிதருக்கு அது பொருத்தமில்லை, அவ்வளவுதான்.

இருபது வருடத்துக்கும் மேலாக இந்த மேசையில் உட்கார்ந்து கேமராக்களைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். வெளிநாட்டுக்குக் கேமரா வாங்க நினைக்கிறவர்கள் மெகாபிக்சல் கேட்கிறார்கள், ஜூம் கேட்கிறார்கள், 4கே வீடியோ கேட்கிறார்கள். எடை எவ்வளவு என்று கேட்பவர் அபூர்வம். என் அனுபவத்தில் பயணப் படங்களின் தலைவிதியைத் தீர்மானிப்பது அதுதான்.

அந்த மதுரைக்காரர் கொண்டுபோனதைக் கூட்டிப் பார்ப்போம். கேனான் 5டி மார்க் 4 பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), பேட்டரி, கார்டோடு 890 கிராம். அதற்கு 24-70 எஃப்2.8 லென்ஸ் 805 கிராம் (24-70 என்பது ஜூம் எல்லை, எண் கூடினால் தூரத்தை இழுக்கும்; எஃப் எண் குறைந்தால் ஒளி புகும் வாய் பெரிது). 70-200 எஃப்2.8 லென்ஸ் 1,480 கிராம். மூன்றும் சேர்ந்து 3,175 கிராம். இதன்மேல் ஃபிளாஷ், சார்ஜர், மாற்று பேட்டரி, பஞ்சு வைத்த கனமான பை. விமானத்தில் கையோடு எடுத்துப்போக எகானமி வகுப்பில் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. மாத்திரை, ஸ்வெட்டர், ஒரு மாற்று உடை, பேரனுக்குப் பிஸ்கட் எல்லாம் மீதியில் அடங்க வேண்டும்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ரோமிலோ பாரிஸிலோ ஒரு நாள் நன்றாகச் சுற்றினால் கிட்டத்தட்ட அவ்வளவு நடந்திருப்பீர்கள். தோளில் மூன்று கிலோ அரிசியை மாட்டிக்கொண்டு கிரிவலம் வருவதை நினைத்துப் பாருங்கள். வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்லும் சோதனையும் அதுதான்: நீங்கள் வாங்க நினைக்கும் கேமரா, லென்ஸ், சார்ஜர் எல்லாவற்றின் எடையையும் கூட்டுங்கள். அதே எடைக்கு அரிசியை ஒரு பையில் கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் தோளில் போட்டபடி நடந்துவிட்டு வாருங்கள். மூன்றாவது மணி நேரத்தில் அந்தப் பையைக் கழற்றிக் கையில் எடுக்க மனம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அந்தக் கேமரா உங்களுக்கு வேண்டாம்.

எடையைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் பாடியின் எடை மட்டும்தான். நிக்கான் இசட்30 பாடி 350 கிராம் என்று இருக்கும். பேட்டரியும் கார்டும் போட்டால் 405. கூட வரும் 16-50 லென்ஸ் 135. ஆக, கழுத்தில் தொங்கப்போவது 540 கிராம். இது நல்ல எடைதான். ஆனால் சோனி ஏ7சி 2 போன்ற கைக்கடக்கமான பாடியை வாங்கிவிட்டு, படம் இன்னும் தெளிவாக வரும் என்று யாரோ சொன்னதை நம்பி 24-70 ஜிஎம் 2 லென்ஸை மாட்டுகிறார்கள். பாடி 514 கிராம், லென்ஸ் 695 கிராம். பாடியைவிட லென்ஸ் கனம். முன்பக்கம் கவிழ்ந்து தொங்கும், மணிக்கட்டு வலிக்கும். அதே பாடியில் 167 கிராம் எடையுள்ள 28-60 லென்ஸைப் போட்டால் மொத்தமே 700 கிராமுக்குள் வந்துவிடும்.

லென்ஸ் ஏன் இவ்வளவு கனக்கிறது? மேலே சொன்ன 5டி-யிலும் ஏ7சி 2-விலும் இருக்கும் ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். அது முழுவதையும் ஒளியால் நிரப்பப் பெரிய கண்ணாடித் துண்டுகள் வேண்டும். எஃப்2.8 என்று வாயை அகலத் திறக்க வேண்டுமானால் கண்ணாடி இன்னும் பெரிதாகும். ஒரு இஞ்ச் என்று சொல்லப்படும் சென்சார் உண்மையில் 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர்தான். பரப்பில் ஃபுல் ஃபிரேம் அதைவிட ஏழு மடங்குக்கும் மேல். சென்சார் சிறுத்தால் கண்ணாடியும் சிறுக்கும், எடையும் குறையும். அதற்கு ஈடாக இருட்டில் படத்தில் புள்ளி தட்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலை மறைத்துவிட்டு யாரும் உங்களுக்குக் கேமரா விற்கக் கூடாது.

சரி, எதைத்தான் வாங்குவது?

பகல் வெளிச்சத்தில் குடும்பப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்புவதுதான் நோக்கம் என்றால் கேமராவே வேண்டாம். நல்ல போன் போதும். இதை என் கடையிலேயே பலரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். தூரத்தில் இருப்பதை இழுத்து எடுக்க வேண்டும், மாலை மங்கிய பிறகும் எடுக்க வேண்டும், ஊர் திரும்பியதும் பெரிதாகப் பிரின்ட் போட்டு மாட்ட வேண்டும் என்றால்தான் தனிக் கேமராவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வயதானவர்களுக்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் நான் முதலில் கையில் கொடுப்பது லென்ஸ் கழற்ற முடியாத சின்னக் கேமரா. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 வெறும் 302 கிராம். 24-லிருந்து 200 வரை ஜூம் இருக்கிறது. கோபுரத்து உச்சியில் இருக்கும் சிற்பம்வரை இழுக்கலாம். விலை அதிகம்தான். படம் எடுப்பதில் கொஞ்சம் பழக்கம் உள்ளவர், தெருவில் நடந்தபடி எடுக்க விரும்புகிறவர் என்றால் ரிக்கோ ஜிஆர் 3. அதன் எடை 257 கிராம், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம், சென்சாரும் பெரியது. ஆனால் ஜூம் கிடையாது, ஃபிளாஷ் கிடையாது, ஒரு பேட்டரிக்கு 200 படம்தான் கணக்கு. தெரிந்து வாங்கினால் வைரம், தெரியாமல் வாங்கினால் ஒரு வாரத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

லென்ஸ் மாற்றும் வசதியும் வேண்டும் என்பவர்களுக்கு நிக்கான் இசட்30-ஐப் போலவே கேனான் ஆர்50-யும் நல்ல தேர்வு, 18-45 லென்ஸோடு சுமார் 505 கிராம். மழையும் தூறலுமான நாட்டுக்குப் போகிறவர்களுக்கு என் சொந்த விருப்பம் ஓஎம்-5. 12-45 எஃப்4 லென்ஸோடு 670 கிராமுக்குள் அடங்கும், சாரல் பட்டால் பதற வேண்டியதில்லை. இவை எதை வாங்கினாலும் ஒரே லென்ஸோடு கிளம்புங்கள். இரண்டாவது லென்ஸ் பையிலேயே உட்கார்ந்திருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். கைடு கொடியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது நின்று லென்ஸ் மாற்ற யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

இருட்டுக்கு எஃப்1.4 லென்ஸ் கட்டாயம் என்று பயமுறுத்துவார்கள். நிற்கிற பொருளை எடுக்க, கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் உள்ள சாதாரண லென்ஸே போதும். ஈஃபிள் கோபுரத்தில் இருட்டிய பிறகு ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் விளக்குகள் மினுங்கும். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தால் சின்னக் கேமராவிலேயே அழகாக வரும். டிரைபாடைச் சுமக்காதீர்கள், பல அருங்காட்சியகங்களில் உள்ளே விடமாட்டார்கள். வாட்டிகனின் சிஸ்டைன் சேப்பலில் எந்தக் கேமராவிலும் படம் எடுக்க அனுமதி இல்லை. அங்கே கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

இனி, என் மேசைக்கு உடைந்து வருபவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னக் கேமராக்களுக்கு ஒரு எதிரி உண்டு. அது மணல்.

துபாய் பாலைவன சஃபாரி போய்வந்த ஒரு தம்பி கேமராவைக் கொண்டுவந்தார். ஆன் செய்தால் லென்ஸ் பாதி வெளியே வந்து, 'கர்ர்' என்று அரைத்துவிட்டு நின்றுவிடும். திரையில் லென்ஸ் எர்ரர். பிரித்தேன். ஒன்றுக்குள் ஒன்று செருகிய மூன்று குழாய்கள், அவற்றை நகர்த்தும் பிளாஸ்டிக் பல்சக்கரங்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால், ஒரு சக்கரத்தின் இரண்டு பற்களுக்கு நடுவே கடுகில் கால் பங்குகூட இல்லாத ஒரு மணல் துகள். பக்கத்துப் பல் முனை மழுங்கியிருந்தது. அந்தத் துகளை ஊசி முனையால் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மழுங்கிய சக்கரத்துக்கு உதிரி தனியாகக் கிடைக்காததால் லென்ஸ் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. புதுக் கேமராவின் விலையில் பாதிக்கு மேல் செலவு. ஜீப் குதித்துக் குதித்து மணலை வாரி இறைக்கும் அந்த நேரத்தில், லென்ஸை உள்ளே இழுத்து அணைத்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. கடற்கரைக்கும் இதே கதைதான். மணல் கையோடு கேமராவைத் தொடாதீர்கள்.

அடுத்து, ஈரம். சிங்கப்பூரில் கார்டன்ஸ் பை த பேயின் கிளவுட் ஃபாரஸ்ட் குளிர்ந்த மண்டபம். உள்ளே 35 மீட்டர் அருவி, பனிப்புகை. அங்கிருந்து வெளியே வந்ததும் அடிக்கும் புழுக்கத்தில் லென்ஸ் முழுக்க ஆவி படியும். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கி மலேசியாவின் பத்து மலை முருகன் கோயிலின் 272 படி முன்னால் கேமராவை எடுத்தாலும் அப்படித்தான். சட்டை நுனியால் துடைக்கிறார்கள், லென்ஸின் மேல்பூச்சில் கீறல் விழுகிறது. பஸ் நிற்பதற்கு முன்பே கேமராவைப் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். இறங்கியபின் கால் மணி நேரம் மூடியபடியே இருக்கட்டும். வெளிச் சூட்டுக்கு மெதுவாக வந்தால் ஆவி படியாது. ஆவி படிந்த நிலையில் லென்ஸை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே ஏறிய பத்து நிமிடத்தில் கேமரா அணைந்துவிட்டது, பழுது என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் ஒரு மாற்று பேட்டரி வைத்திருந்தால் போதும். அணைந்த பேட்டரியையும் உள்பையில் போட்டுச் சூடேற்றினால் இன்னும் கொஞ்சம் படம் கொடுக்கும்.

மாற்று பேட்டரியையும் பவர் பேங்கையும் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கையோடுதான் எடுத்துப்போக வேண்டும். 100 வாட்-அவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. கேமரா பேட்டரிகள் இதற்கு ரொம்பக் கீழே, ஐந்திலிருந்து பதினாறு வாட்-அவருக்குள்தான் பெரும்பாலும். மாற்று பேட்டரியின் உலோக முனைகள் சாவியிலோ நாணயத்திலோ உரசாதபடி சின்ன மூடியோ டேப்போ போடுங்கள். பவர் பேங்கைப் பறக்கும்போது பயன்படுத்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலில் இருந்து தடை போட்டிருக்கிறது, வேறு சில நிறுவனங்களும் அப்படியே. அதனால் வீட்டிலேயே எல்லாவற்றையும் முழுக்கச் சார்ஜ் செய்துகொள்ளுங்கள். யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் கேமராவாகப் பார்த்து வாங்கினால் போன் சார்ஜரே போதும், ஒரு பொருள் குறையும்.

அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு: வாரன்டி பல நிறுவனங்களில் அந்தந்த நாட்டோடு முடிந்துவிடும். ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கு வரும் சில மாடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், மாற்ற முடியாது. இங்கிருந்தே விலையுயர்ந்த கேமரா கொண்டுபோகிறவர்கள் பில்லின் நகலைக் கையில் வைத்திருங்கள். புறப்படும்போது விமான நிலையச் சுங்கத்தில் எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டால் திரும்பும்போது, 'அங்கே வாங்கியதா?' என்ற கேள்விக்குக் காகிதமே பதில் சொல்லும். சீரியல் எண்ணை அதில் குறிப்பார்கள், அதனால் கேமரா கையில் இருக்க வேண்டும்.

வாங்குவதைக் கிளம்பும் நாளுக்கு ஒரு மாதம் முன்பாவது வாங்கிவிடுங்கள். விமானத்தில் உட்கார்ந்து மேனுவலைப் புரட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பக்கத்துக் கோயிலுக்கு எடுத்துப் போங்கள். பிராகாரத்தின் அரை இருட்டில், ஓடும் குழந்தையை, சந்தையில் பூக்கட்டும் அம்மாவை அவரிடம் அனுமதி கேட்டு, ஒரு முந்நூறு படம் எடுங்கள். எந்தப் பொத்தான் எங்கே என்று விரல் தானாகக் கண்டுபிடிக்கும்வரை.

திரும்பி வந்ததும் கேமராவைப் பயணப் பைக்குள்ளேயே விட்டுவிடாதீர்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், பாடியைக் காய்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், மாவுத்தூள் உள்ளே போகும். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்திருந்து, அடுத்த டூருக்கு எடுக்கும்போது லென்ஸ் முழுக்கச் சிலந்தி வலைபோல ஃபங்கஸ் பிடித்திருந்த கேமராக்கள் இந்த மழைக்காலத்தில் மட்டும் நான்கு வந்திருக்கின்றன. நான்குமே ஒரு வருடத்துக்குமுன் ஏதோ ஒரு வெளிநாட்டைப் பார்த்துவிட்டு வந்தவை.