மாநிலம் ஆகும் முன்பே எம்.பி. தேர்தல்: ஹவாய், 1959

அமெரிக்காவில் ஒரு பகுதி புது மாநிலமானால், அதற்குப் பிறகுதான் அங்கே காங்கிரஸ் தேர்தல் (செனட், பிரதிநிதிகள் சபை என்று இரண்டு அவை உள்ள அவர்களின் நாடாளுமன்றத்துக்கான தேர்தல்) நடக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஹவாயில் நடந்தது தலைகீழ். முதலில் தேர்தல், அப்புறம்தான் மாநிலம்.

1959 மார்ச் 18 அன்று ஹவாயை மாநிலமாகச் சேர்க்கும் சட்டத்தில் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டார், ஆனால் அது ஹவாயை அன்றைக்கே மாநிலமாக்கிவிடவில்லை. மக்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள் என்றது: உடனே மாநிலமாகச் சேரலாமா, இந்த எல்லைகள் சரியா, நிலம் முதலான விஷயங்களில் மத்திய அரசின் நிபந்தனைகளுக்குச் சம்மதமா. ஒன்று தோற்றாலும் சட்டமே காலாவதி. ஜூன் 27இல் 90 சதவீதத்துக்கும் மேல் 'ஆம்' விழுந்தது. (தனி நாடாக இருக்கிறோம் என்று சொல்ல வாக்குச்சீட்டில் இடமே கிடையாது, பூர்வகுடி ஹவாய் மக்களில் பலர் இன்றும் இதைக் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான்.)

ஜூலை 28 பொதுத்தேர்தல். செனட்டுக்கு ஹைரம் ஃபாங், ஓரன் லாங். பிரதிநிதிகள் சபைக்கு ஒரே ஓர் இடம், அதில் டேனியல் இனோயே. ஆகஸ்ட் 21இல்தான் மாநில அறிவிப்பே வந்தது. அதுவரை ஹவாய் அனுப்பிவந்த பிரதிநிதி அவையில் பேசலாம், வாக்குப் போட முடியாது. பிரதிநிதிகள் சபையில் மொத்தம் 435 இடம்தான் என்பதால் அலாஸ்காவுக்கும் ஹவாய்க்கும் ஆளுக்கொன்று தற்காலிகமாகக் கூட்டி 437 ஆக்கினார்கள். 1960 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு 1963இல் பழையபடி 435.

ஆகஸ்ட் 24 அன்று பதவியேற்பு. வலது கையை உயர்த்தி உறுதிமொழி சொல்வது அங்கே வழக்கம். இனோயே இடது கையை உயர்த்தினார். வலது கையை இரண்டாம் உலகப்போரில் இத்தாலியில் இழந்திருந்தார்.

செனட்டில் இன்னொரு சிக்கல். பதவிக்காலம் 6 ஆண்டு, ஆனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களுக்குத் தேர்தல் வரும்படி எல்லோரையும் மூன்று பிரிவாக வைத்திருக்கிறார்கள், ஒரே மாநிலத்து இரண்டு பேரும் ஒரே பிரிவில் இருக்கக் கூடாது, அப்படியென்றால் புதிதாக வந்தவர்களில் யாருக்கு எவ்வளவு காலம்? சீட்டுக் குலுக்கல்தான். ஃபாங்குக்கு 1965 ஜனவரி வரை, லாங்குக்கு 1963 ஜனவரி வரை. லாங் மறுபடி நிற்கவில்லை. அந்த இடத்துக்கு 1962இல் போட்டியிட்டு ஜெயித்த இனோயே, 2012இல் சாகும்வரை அங்கேயே இருந்தார்.