பழைய அம்பாசடரும் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனும்

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்ததிலிருந்து அப்பாவின் பழைய அம்பாசடர் மேடு ஏறத் திணறுகிறதாம். ஏஎஃப்ஆர் கேஜ் (காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் கருவி) மாட்டிக் கார்புரேட்டரை டியூன் செய்யலாமா என்று ஒரு வாசகர் கேட்கிறார். தாராளமாகச் செய்யலாம்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோவே போதும். இரண்டும் கலந்த இ20-க்குச் சுமார் 13.5. கார்புரேட்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது. பழைய அளவிலேயே ஊற்றும். கலவை லீன் ஆகிவிடும், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதற்கு நேரெதிர் ரிச்.

கேஜ் காற்றையும் அளப்பதில்லை, பெட்ரோலையும் அளப்பதில்லை. சைலன்சர் குழாயில் திருகிய சென்சார் புகையை மட்டும் பார்க்கிறது. அதன் உயிர்நாடி சிர்கோனியா என்ற பீங்கான். நன்றாகச் சூடேறியதும் அது ஆக்சிஜன் அயனிகளைத் தன் வழியே விடும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசம் மின்னழுத்தமாக வெளிப்படும். ரிச் என்றால் 0.8 வோல்ட்டுக்கு மேல், லீன் என்றால் 0.1 பக்கம். 1976-இல் போஷ் சென்சாருடன் வோல்வோ கார்கள் வந்தது இப்படித்தான். ஆனால் அந்தச் சென்சார் கலவை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது.

எவ்வளவு என்றும் சொல்கிற வைட்பேண்ட் சென்சார் செய்யும் தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே பீங்கானுக்கு நாம் மின்சாரம் கொடுத்தால் அது ஆக்சிஜனை இழுத்துத் தள்ளும் பம்ப் ஆகிவிடும்! சென்சாருக்குள் ஒரு குட்டி அறை. நுண்ணிய வழியில் புகை அதற்குள் கசிகிறது. ஒரு சிர்கோனியா துண்டு அறையைக் காவல் காக்கிறது, இன்னொன்று பம்ப். காவலாளி எப்போதும் 0.45 வோல்ட் காட்ட வேண்டும் என்பதுதான் விதி. ஆக்சிஜன் அதிகமானால் பம்ப் வெளியே தள்ளும், குறைந்தால் உள்ளே கொண்டுவரும். அதற்கு எந்தத் திசையில் எவ்வளவு மின்னோட்டம் தேவைப்பட்டது என்பதுதான் கேஜில் எண்ணாகத் தெரிகிறது.

இ20 ஊற்றினாலும் சரியான கலவைக்கு இந்தக் கேஜ் 14.7 என்றே காட்டும், ஏனென்றால் பெட்ரோல் கணக்கு அதற்குள் பதிந்திருக்கிறது. லாம்டாவில் (இருக்கும் காற்றைத் தேவையான காற்றால் வகுத்த எண்) படித்தால் குழப்பமில்லை: எரிபொருள் எதுவானாலும் 1 என்பதே சரியான கலவை. ஐடிலில் 0.95 பக்கம், நிதானமான ஓட்டத்தில் 1 பக்கம், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் 0.87 பக்கம் இருக்கட்டும். உங்கள் வண்டியில் எஸ்யூ வகை கார்புரேட்டர் என்றால், அடியிலுள்ள நட்டைத் திருப்பி ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) கீழே இறக்கினால் ரிச். நட்டின் ஆறு முகங்களில் ஒவ்வொன்றாகத் திருப்பி, எஞ்சின் நிதானிக்கும்வரை பொறுத்துப் பாருங்கள். ஐடில் சரியாகியும் வேகத்தில் லீன் என்றால் குற்றவாளி நட்டு அல்ல, ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் கூம்பு ஊசி. வேறு சரிவுள்ள ஊசி மாற்ற வேண்டும்.

பெட்ரோல் குழாயில் மைலேஜ் காந்தம் கட்டுகிறவர்கள் அதையும் இந்தக் கேஜை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். எண் அசையாது.

ஒரு எச்சரிக்கை. வண்டி மிஸ் அடித்தால், அதாவது ஏதாவது சிலிண்டரில் கலவை எரியாமல் போனால், எரியாத ஆக்சிஜன் அப்படியே புகையோடு வந்துவிடும். பெட்ரோல் நிறைய இருந்தாலும் கேஜ் லீன் என்று காட்டும். சைலன்சர் குழாய் ஓட்டை வழியே காற்று நுழைந்தாலும் இதே கதைதான். பிளக், பாயிண்ட், கேஸ்கட் மூன்றையும் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள்.