பல்வலியைவிடப் பெரிய பயம்

அமெரிக்க உளவியலாளர் நார்மன் கோரா 1969-இல் பல் சிகிச்சைப் பயத்தை அளப்பதற்கென்று நான்கே கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். நாளைக்குப் பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்பது முதல் கேள்வி. உங்கள் முறைக்காக வெளியே காத்திருக்கும்போது, நாற்காலியில் அமர்ந்தபின் மருத்துவர் துளைக்கும் கருவியை ஆயத்தம் செய்யும்போது, பற்களைச் சுத்தம் செய்வதற்கான கருவிகளை அவர் எடுத்து வைக்கும்போது எப்படி இருக்கும் என்பவை மற்ற மூன்று. 1995-இல் இந்தப் பட்டியலைத் திருத்தியமைத்தவர்கள் மரத்துப்போவதற்குப் போடும் ஊசியைப் பற்றி ஐந்தாவது கேள்வியைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் 25-இல் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் அவர் கடும் பயம் உடையவர் என்று கொள்வது வழக்கம்.

இந்தக் கேள்விகளை நிதானமாகப் படித்தால் ஒன்று கண்ணில் படும். வலிக்கும் கணத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எல்லாமே அதற்கு முன்னால் கழியும் நேரத்தைப் பற்றியவை. பல் சிகிச்சைப் பயத்தின் உட்கூறு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன். இது பெரும்பாலும் காத்திருப்பில் பிறந்து, காத்திருப்பிலேயே வளரும் பயம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஒரு மதிப்பீடு, வயது வந்தோரில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு இந்தப் பயம் ஓரளவேனும் இருக்கிறது என்றும், சுமார் 3 சதவீதம் பேருக்கு அது மிகக் கடுமையாக இருக்கிறது என்றும் கணக்கிட்டது. மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் இவ்வளவு நம்பகமாக மாறிவிட்ட காலத்திலும் இத்தனை பேர் ஏன் பயப்படுகிறார்கள் என்பதுதான் இங்குள்ள புதிர்.

பயத்துக்கு வாய் இடம்கொடுப்பதற்கு உடலமைப்பிலேயே காரணங்கள் உண்டு. முகத்தின் உணர்வுகளை மூளைக்குக் கொண்டுசெல்வது ஐந்தாவது மண்டை நரம்பான முக்கிளை நரம்பு. மூளையின் தொடுவுணர்வுப் பகுதியில் உடலின் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது என்று நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் படம் வரைந்து காட்டியபோது, முதுகுக்கும் காலுக்கும் கிடைத்த இடத்தைவிட உதட்டுக்கும் நாக்குக்கும் கிடைத்த இடம் அவற்றின் அளவுக்குப் பொருந்தாத வகையில் பெரிதாக இருந்தது. வாய்க்குள் சிக்கிய ஒரு தலைமயிர் கயிறுபோல் உறுத்துவது இதனால்தான்.

பல்லின் கட்டமைப்பு அதைவிட விசித்திரமானது. வெளியே எனாமல், அதற்கு உள்ளே டென்டின் என்ற கெட்டியான திசு, நடுவில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த பற்கூழ். டென்டினில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் என்ற கணக்கில் நுண்குழல்கள் உள்ளன. அவற்றில் திரவம் நிரம்பியிருக்கிறது. குளிர்ந்த நீரோ, காற்றோ, துளைக்கும் கருவியின் உரசலோ பட்டவுடன் அந்தத் திரவம் அசைகிறது. அந்த அசைவை உள்முனையில் இருக்கும் நரம்பு நுனிகள் சுருக்கென்ற வலியாக அறிவிக்கின்றன. பற்கூழ் அழற்சியுற்றால் நிலைமை இன்னும் மோசமாகும். விரலில் புண் வந்தால் சதை வீங்கிக்கொள்ள இடம் இருக்கிறது. பற்கூழைச் சுற்றி இருப்பதோ விரியாத சுவர். வீங்க இடமில்லாமல் உள்ளே அழுத்தம் கூடுகிறது, துடிதுடிக்கும் வலி பிறக்கிறது. பல் நமக்கு அனுப்பும் செய்திகளில் வலியைத் தவிர வேறு பெரிதாக எதுவும் இல்லை என்பதால், அந்த உறுப்பைப் பற்றி மூளை கற்றுக்கொள்வதும் பெரும்பாலும் வலியையே.

கற்றல் என்று சொன்னது தற்செயலாக அல்ல. மணியோசையையும் உணவையும் நாயின் மூளை முடிச்சுப்போடுவதைப் பாவ்லவ் காட்டினாரே, அதே வகை முடிச்சுதான் இங்கும் விழுகிறது. வலியோடு சேர்ந்து வந்தவை எல்லாம் வலியின் முன்னறிவிப்புகளாகிவிடுகின்றன. பல் அடைப்புப் பொருள்கள் சிலவற்றில் சேர்க்கப்படும் யூஜினால் என்ற பொருள் கிராம்பு எண்ணெயிலிருந்து கிடைப்பது. அந்த மணத்தை முகர்ந்தபோது பல் சிகிச்சைக்குப் பயப்படாதவர்கள் அதை இனிமையானது என்றும், பயப்படுபவர்கள் வெறுக்கத்தக்கது என்றும் உணர்ந்ததை 1998-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு பதிவுசெய்தது. பயப்படுபவர்களின் தோலிலும் நாடியிலும் அச்சத்தின் அடையாளங்களும் தெரிந்தன. மூக்குக்குள் சென்றது ஒரே மூலக்கூறுதான். மூளைக்குள் இருந்த முடிச்சுதான் வேறு. துளைக்கும் கருவியின் கீச்சொலியும் இப்படித்தான். 1950-களின் பிற்பகுதியில் பரவிய காற்றுச்சுழலிக் கருவி நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுகள்வரை சுழன்று, பழைய கருவிகளின் அதிர்வையும் இழுபறியையும் வெகுவாகக் குறைத்தது. வலியைக் குறைத்த அந்த முன்னேற்றமே, அடுத்த அறை வரை கேட்கும் ஒரு புதிய எச்சரிக்கை ஒலியையும் கையில் கொடுத்துவிட்டுப் போனது.

ஆனால் வலி அனுபவித்தவர்கள் எல்லோரும் பயப்படுவதில்லை. ஒரு முறைகூட வலி அனுபவிக்காதவர்கள் சிலர் பயப்படுகிறார்கள். பயம் வந்து சேரும் வழிகள் மூன்று என்று 1977-இல் உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன் எழுதினார்: நேரடி அனுபவம், பிறர் பயப்படுவதைப் பார்த்தல், பிறர் சொல்லக் கேட்டல். காத்திருக்கும் அறையில் தாயின் கை இறுகுவதை உணரும் குழந்தைக்கு வேறு பாடம் தேவையில்லை. நேரடி அனுபவத்திலும் வரிசை முக்கியம். 1980-களின் இறுதியில் கிரகாம் டேவி என்ற உளவியலாளர் பரிசோதித்த கருத்து இது: வலியில்லாத சந்திப்புகள் பல முடிந்தபிறகு ஒரு வலிமிகுந்த சந்திப்பு நேர்ந்தால், அது அவ்வளவாக வேர்விடுவதில்லை, முதல் சந்திப்பே வலியாக அமைந்தால் எளிதில் வேர்விட்டுவிடுகிறது. ஏற்கெனவே ‘இங்கு ஒன்றும் ஆகாது’ என்று பதிந்துபோன மூளையிடம் ஒரு கெட்ட நாள் விதிவிலக்காகவே எடுபடும். வலி வந்தபிறகே குழந்தையை முதன்முதலாகப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது இந்தக் கோணத்தில் பார்த்தால் வரிசையைத் தலைகீழாக்குவதாகும்.

இதைவிட ஆழமான காரணம் வேறொன்று. சாய்ந்த நாற்காலியில் படுத்திருப்பவரின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மல்லாந்த நிலை, கண்ணில் விளக்கு, வாய் திறந்திருப்பதால் பேச முடியாது, தொண்டைப் பக்கம் நீர் சேர்வதால் மூச்சைப் பற்றிய கவலை, நடப்பது தன் உடம்புக்குள்ளேயே என்றாலும் அதைத் தன்னால் மட்டும் பார்க்க முடியாது. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜேசன் ஆர்ம்ஃபீல்டு 2006-இல் முன்வைத்த விளக்கத்தின்படி, ஒரு சூழல் தன் கட்டுப்பாட்டில் இல்லை, அடுத்து என்ன என்று கணிக்க முடியாது, ஆபத்தானது, அருவருப்பானது என்ற நான்கு எண்ணங்களே பயத்தின் அளவை நிர்ணயிக்கின்றன. பல் மருத்துவ நாற்காலி இவற்றில் முதல் இரண்டையும் ஏறக்குறைய முழுமையாக நிறைவேற்றுகிறது. 1970-களின் இறுதியில் கல்லூரி மாணவர்களிடம் சிறுவயதுப் பல் சிகிச்சை அனுபவங்களை எழுதித்தரச் சொன்ன ஓர் அமெரிக்க ஆய்வில், பயம் மிகுந்தவர்கள் வலியை மட்டும் எழுதவில்லை. மருத்துவரின் சிடுசிடுப்பு, அக்கறையின்மை ஆகியவற்றையும் எழுதினார்கள். அதே அளவு வலித்தும், பரிவோடு நடந்துகொண்ட மருத்துவரிடம் போனவர்கள் பயத்தைச் சுமந்து திரியவில்லை. “அவ்வளவு வலிக்காதே, சும்மா இரு” என்று அதட்டப்படும் குழந்தை, வலியோடு சேர்த்துத் தன் சொல் எடுபடாது என்பதையும் கற்றுக்கொள்கிறது. இரண்டாவது பாடம்தான் நெடுநாள் நிற்கிறது.

அப்படியானால், பிறகு வலியில்லாமல் நடந்த சிகிச்சைகள் ஏன் அந்தப் பாடத்தை அழிப்பதில்லை? இங்கேதான் நினைவு ஒரு தந்திரம் செய்கிறது. 1985-இல் ஜெரி கென்ட் என்ற ஆய்வாளர் நோயாளிகளிடம் மூன்று முறை கேட்டார்: சிகிச்சைக்கு முன் எவ்வளவு வலிக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள், முடிந்தவுடன் எவ்வளவு வலித்தது, மூன்று மாதம் கழித்து எவ்வளவு வலித்ததாக நினைவிருக்கிறது? பயம் மிகுந்தவர்களிடம், மூன்று மாதத்துக்குப் பிந்தைய நினைவு உண்மையில் அனுபவித்த வலியைவிட, முன்னரே எதிர்பார்த்த வலிக்கு நெருக்கமாக இருந்தது. அதாவது, நல்லபடியாக முடிந்த சந்திப்பு வீட்டுக்குப் போன சில வாரங்களில் பழைய பயத்தின் அச்சில் மறுபடியும் வார்க்கப்பட்டுவிடுகிறது. பயந்தவர் பொய் சொல்வதில்லை. அவருடைய நினைவுதான் அனுபவத்தைவிட எதிர்பார்ப்பை நம்புகிறது.

நாற்காலியில் அமர்ந்த அந்த நேரத்திலும் எதிர்பார்ப்பே வலியைப் பெருக்குகிறது. முடிச்சுப்போட்ட ஒலியோ மணமோ எட்டியவுடன் மூளையில் அச்சத்தை எழுப்பும் அமிக்டலா பகுதி விழித்துக்கொள்ள, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன, கவனம் முழுவதும் ஒரே பல்லில் குவிகிறது. குவிந்த கவனத்துக்குச் சாதாரண அழுத்தம்கூட வலியாகத் தெரியும். இதில் பலர் அறியாத ஒரு குழப்பமும் உண்டு. மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் ஊசியில், மருந்து அந்த இடத்திலேயே நெடுநேரம் தங்குவதற்காகச் சிறிதளவு அட்ரினலினும் பெரும்பாலும் கலந்திருக்கும். அதில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்தால் சில நிமிடங்களுக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அந்தப் படபடப்பின் காரணம் தெரியாதவர் அதைத் தன் பயத்தின் கணக்கிலோ, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்ற கணக்கிலோ எழுதிக்கொள்கிறார். ஊசியைக் கண்டவுடன் மயங்கி விழுபவர்கள் மட்டும் வேறு வகை: அவர்களுக்கு முதலில் ஏறிய நாடியும் இரத்த அழுத்தமும் திடீரென்று சரிகின்றன.

இவை எல்லாம் சேர்ந்து சுழலும் ஒரு வட்டத்தைச் சுவீடன் ஆய்வாளர்கள் 1980-களில் விவரித்தார்கள். பயந்தவர் சந்திப்பைத் தள்ளிப்போடுகிறார்; தள்ளிப்போட்ட மாலையில் கிடைக்கும் நிம்மதி ஒரு பரிசாகி, அடுத்த முறையும் தள்ளிப்போடத் தூண்டுகிறது. சிறிய சொத்தை பெரிதாகிறது. பல்லின் நிலையைக் காட்ட வெட்கம் சேர்கிறது. கடைசியில் தூங்கவிடாத வலி வந்த இரவுக்கு மறுநாள் அவர் மருத்துவரிடம் போகிறார். இங்கே வேதியியலும் அவருக்கு எதிராக நிற்கிறது. லிக்னோகெயின் நரம்பின் கொழுப்புறையைத் தாண்டி உள்ளே நுழைய வேண்டுமானால் அதன் மூலக்கூறு மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். அழற்சியுற்ற திசுவில் அமிலத்தன்மை கூடிவிடுவதால் பெரும்பகுதி மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்று வெளியிலேயே நின்றுவிடுகின்றன. அழற்சியால் நரம்புகளும் கூர்மையடைந்திருக்கின்றன. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களில் இந்தத் தொல்லை அதிகம். ஆகவே ‘எனக்கு ஊசி வேலை செய்வதில்லை’ என்று பயந்து தள்ளிப்போட்டவருக்கு, தள்ளிப்போட்ட காரணத்தாலேயே ஊசி சரியாக வேலை செய்யாமல் போகிறது. தன்னைத் தானே மெய்யாக்கிக்கொள்ளும் பயம் இதைப்போல் அதிகம் இல்லை.

இந்த வட்டத்தை எங்கே வெட்டுவது என்பதற்கு 2000-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வு நல்ல விடை தருகிறது. பல் அறுவை சிகிச்சைக்கு வந்த, கடும் பயம் உடையவர்களில் ஒரு பிரிவினருக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து தரப்பட்டது. இன்னொரு பிரிவினருக்குப் பயத்தைக் கையாளும் உளவியல் பயிற்சி ஒரே அமர்வில் தரப்பட்டது. அறுவை சிகிச்சையின்போது இரு பிரிவினருக்கும் பயம் குறைந்தது. ஆனால் அதன்பின் மேற்கொண்டு பல் சிகிச்சையைத் தொடர்ந்தவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம், மருந்து பெற்றவர்களில் 20 சதவீதம் மட்டுமே. மருந்தின் மங்கலில் ஒருவர் சிகிச்சையைக் கடந்துவிடலாம். ஆனால் எதிர்பார்த்தது ஒன்று, நடந்தது வேறு என்று மூளை தெளிவாக ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அதில் கிடைப்பதில்லை. பழைய முடிச்சு அழிவதில்லை. அதன்மேல் புதிய முடிச்சுகள் பல விழ வேண்டும், அவை விழும்போது விழிப்பும் வேண்டும்.

அதற்கு மருத்துவர்கள் கையாளும் வழிகள் எளிமையானவை. செய்யப்போவதை முதலில் சொல்லி, கருவியைக் காட்டி, பிறகு செய்வது கணிக்க முடியாமையைக் குறைக்கிறது. இடது கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிடுவேன் என்ற உடன்பாடு, பேச முடியாத வாய்க்கு ஒரு குரலைக் கொடுக்கிறது. அந்தக் கை முதன்முதலாக உயரும்போது பெரும்பாலும் வலியால் உயர்வதில்லை. சொன்ன சொல் மெய்தானா என்று சோதித்துப் பார்க்கவே உயர்கிறது. அப்போது மருத்துவர் “இன்னும் ஒரே நிமிடம்” என்று தொடர்ந்துவிட்டால், உடன்பாடே செய்யாமல் இருந்ததைவிட மோசமான நிலையில் அந்த நோயாளி நாற்காலியைவிட்டு எழுந்து போவார்.