டிஸ்க் டிரைவர் எழுதுபவர்களுக்கு: எழுதும் பாதையில் மெமரி கேட்பது எப்படி?

மொரிஷியஸின் எபேன் சைபர்சிட்டிக்கு லினக்ஸ் வேலைக்கு வரும் நம் பிள்ளைகள் பலர், டிரைவரில் மெமரி வாங்க வேண்டுமென்றால் கை பழகிய பழக்கத்தில் ஜிஎஃப்பி_கெர்னல் (லினக்ஸின் மையமான கெர்னலிடம் மெமரி கேட்கும்போது கொடுக்கும் வழக்கமான கொடி) என்று போட்டுவிடுகிறார்கள். காத்திருக்க முடிகிற மற்ற இடங்களில் பெரும்பாலும் பாதகமில்லை. டிஸ்க்கில் எழுதும் பாதையில் போட்டால் சர்வரே நின்றுவிடலாம்.

தைப்பூசக் காவடி மொரிஷியஸில் அரசு விடுமுறை. அன்றிரவு ரோஸ் ஹில்லில் ஒரு வாடிக்கையாளரின் பேக்கப் சர்வர் அப்படித்தான் நின்றது. பிங் கிடைத்தது, லாகின் ஆகவில்லை. கன்சோலில் '120 விநாடிக்கு மேல் பிளாக் ஆகியிருக்கிறது' என்ற எச்சரிக்கை. சிஸ்ஆர்க்யூ (கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் விசை) கொடுத்து, எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று காட்டும் ஸ்டாக் டிரேஸை எடுத்து, கீழிருந்து மேலாகப் படித்தோம். டிரைவரின் ஒர்க்கர் த்ரெட் மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்துக்கொண்டு மெமரி கேட்கிறது. மெமரி காலி. இடம் பண்ண, கெர்னல் பழைய மெமரி பக்கங்களை ஸ்வாப்புக்கு (டிஸ்க்கில் மெமரிக்காக ஒதுக்கிய இடம்) தள்ளுகிறது. ஸ்வாப் இருப்பதோ அதே டிஸ்க்கில். அந்த எழுதும் கோரிக்கை மறுபடி இதே டிரைவருக்குள் நுழைந்து, இதே த்ரெட் பிடித்திருக்கும் மியூடெக்ஸுக்காகக் காத்து நிற்கிறது. இனி யார் விடுவிப்பது?

அதற்குப் பதில் ஜிஎஃப்பி_நோஐஓ போட்டால், மெமரி தேடும்போது கெர்னல் புதிதாக ஐ/ஓ (டிஸ்க்கில் எழுதுவது, படிப்பது) தொடங்காது. உள்ளே பல ஃபங்ஷன்கள் தாண்டி மெமரி கேட்கப்படுகிறது என்றால் மெம்அலாக்_நோஐஓ_சேவ், ரிஸ்டோர் இரண்டுக்கும் நடுவில் அந்தப் பகுதியை வையுங்கள். 2013 முதல் கெர்னலில் இருக்கிறது.

இதோடு நிறுத்தக்கூடாது. நோஐஓ கேட்டும் மெமரி கிடைக்காமல் போகலாம். அதற்குத்தான் மெம்பூல்: முன்கூட்டியே ஒதுக்கி வைத்த கையிருப்பு. கவனிக்க வேண்டியது, மெம்பூல் முதலில் வழக்கமான வழியில்தான் கேட்டுப் பார்க்கும். கிடைக்காதபோதே கையிருப்பைத் தொடும். அதனால் மெமரி தாராளமாக உள்ள டெஸ்ட் மெஷினில் பிழை தலைகாட்டாது. ஒரே பூலிலிருந்து ஒரு த்ரெட் இரண்டு உருப்படி எடுப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. எல்லா த்ரெட்டும் ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டாவதற்குக் காத்திருந்தால் மறுபடி டெட்லாக்தான் (ஒன்றுக்கொன்று காத்து எல்லாமே நின்றுபோவது). ஒன்றை எடுங்கள், டிஸ்க்குக்கு அனுப்புங்கள், பிறகு அடுத்ததைக் கேளுங்கள். பயோ (டிஸ்க்குக்கான ஒரு ஐ/ஓ கோரிக்கை) எடுக்கும்போதும் இதே விதிதான்.

ஒர்க்கியூ (வேலைகளை ஒர்க்கர் த்ரெட்களிடம் கொடுக்கும் வரிசை) வைத்தால் டபிள்யூக்யூ_மெம்_ரீக்ளெய்ம் கொடியை மறக்காதீர்கள். புது ஒர்க்கரை உருவாக்கவும் மெமரி வேண்டும்; இந்தக் கொடி இருந்தால் ஒரு ஒர்க்கர் முன்கூட்டியே தயாராக இருக்கும்.

ரிலீஸுக்கு முன், 512 எம்பி மெமரி உள்ள விர்ச்சுவல் மெஷினில் லாக்டெப் (பூட்டுச் சிக்கல்களைக் கண்டுபிடிக்கும் கருவி) போட்ட கெர்னலை ஏற்றி, ஸ்வாப்பை உங்கள் டிரைவரின் டிஸ்க்கிலேயே வைத்து, மெமரியை நிரப்பியபடி இரவு முழுக்க எழுத விடுங்கள்.