வால்வு ஆம்ப்ளிஃபையருக்கு பவர் டிரான்ஸ்ஃபார்மர்: வோல்டேஜை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

வால்வு ஆம்ப்ளிஃபையரைச் சொந்தமாகச் செய்ய இறங்குபவர்கள் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி மாதக்கணக்கில் படிக்கிறார்கள். எந்த வால்வு நல்லது என்று சண்டையே போடுவார்கள். பவர் டிரான்ஸ்ஃபார்மர் என்று வந்தால் மட்டும் "300-0-300 இருக்கிறதா?" (நடு டேப்பின் இரு பக்கமும் 300 வோல்ட் தரும் வகை) என்ற ஒரே கேள்வியோடு வேலை முடிந்துவிடுகிறது. சர்வீஸுக்கு என்னிடம் வரும் கைவேலை ஆம்ப்களில் சூடு, ஹம் (விடாத உறுமல் சத்தம்), வெடித்த கெப்பாசிட்டர் என்று எந்தப் புகாராக இருந்தாலும் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த டிரான்ஸ்ஃபார்மரைத்தான்.

சர்க்யூட் முடிவாகும் முன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கவே கூடாது. கணக்கு வால்விலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வர வேண்டும். எளிமையான ஸ்டீரியோ ஆம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: சேனலுக்கு ஒரு ஈஎல்84 அவுட்புட் வால்வு, சிங்கிள் எண்டட் (ஒரே வால்வு முழு அலையையும் கையாளும் முறை), இரண்டு சேனலுக்கும் பொதுவாக முன் கட்டத்தில் ஒரு ஈசிசி83. டேட்டாஷீட்டின்படி 250 வோல்ட்டில் ஈஎல்84 பிளேட்டில் 48 மில்லி ஆம்பியர், ஸ்கிரீனில் ஐந்தரை. ஒரு வால்வுக்கு ஏறக்குறைய 54. இரண்டுக்கும் ஈசிசி83-க்கும் சேர்த்து 110 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். வால்வுக்கு 250 போய்ச் சேர வேண்டுமானால் கேதோடு பயாஸ் (கேதோடு ரெசிஸ்டரில் விழுவது) 7 வோல்ட், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் காயிலிலும் ஃபில்டரிலும் விழும் வோல்டேஜ் எல்லாம் கூட்டி, முதல் கெப்பாசிட்டரில் 280, 285 இருக்க வேண்டும். சிலிக்கான் டயோடு போட்டால் இதற்கு 220 வோல்ட் ஏசி போதும். 300-0-300 வாங்கி வந்து, கூடுதலான நூறு வோல்ட்டைச் சிமென்ட் ரெசிஸ்டர்களில் எரித்துக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சேசிஸுக்குள் ஒரு குட்டி அடுப்பு!

சரி, வோல்டேஜ் கிடைத்துவிட்டது. கரண்ட்? இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நமக்கு வேண்டியது 110 மில்லி ஆம்பியர் டிசி. 'வைண்டிங் (டிரான்ஸ்ஃபார்மர் காயில்) 120 மில்லி ஆம்பியர், அப்புறம் என்ன?' என்று நினைப்பார்கள். ஆனால் கெப்பாசிட்டர் இன்புட் ஃபில்டர் (ரெக்டிஃபையருக்கு அடுத்து நேரே கெப்பாசிட்டர் வரும் அமைப்பு) கரண்டைச் சீராக இழுப்பதில்லை. ஏசி அலையின் உச்சியில் மட்டும் சில நொடித்துளிகள் மொத்தமாக உறிஞ்சுகிறது. வைண்டிங் சூடாவது இந்த உச்சக் கரண்டால். அதனால் பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்கு டிசி கரண்டை 1.8 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 110 மில்லி ஆம்பியருக்கு 200 மில்லி ஆம்பியர் ஏசி வைண்டிங் வேண்டும். சென்டர் டேப் முறையில் இரண்டு பாதிகளும் மாறி மாறி வேலை செய்வதால், ஒவ்வொரு பாதிக்கும் டிசி அளவைவிடச் சற்று அதிகமாக இருந்தால் போதும். விற்பவர் சொல்லும் 120 என்பது ஏசியா டிசியா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் குறைந்ததாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் கணக்கு சுலபம். ஈஎல்84 ஒன்றுக்கு 0.76 ஆம்பியர், ஈசிசி83-க்கு 6.3 வோல்ட் இணைப்பில் 0.3 ஆம்பியர். மொத்தம் 1.82. இரண்டரை ஆம்பியர் வைண்டிங் சரியாக இருக்கும். 'பெரிதாக இருந்தால் நல்லதுதானே' என்று 6 ஆம்பியர் வைண்டிங்கில் இவ்வளவு சிறிய லோடைப் போட்டால் 6.3 இருக்க வேண்டிய இடத்தில் 6.9 வந்து நிற்கும். வால்வின் ஆயுள் இதில் சத்தமில்லாமல் குறையும். அப்படி அமைந்துவிட்டால் இரண்டு வயரிலும் 0.15 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று போட்டால் சரியாகிவிடும். 220 வோல்ட் பிரைமரியை (மெயின்ஸ் பக்க வைண்டிங்) 240 வோல்ட் மெயின்ஸில் செருகினாலும் இதே 6.9 தான். எனவே பிரைமரி டேப்பை உங்கள் வீட்டு மெயின்ஸை மீட்டரில் அளந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வெறும் 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்யப்பட்டதை 50 ஹெர்ட்ஸில் ஓட்டுவது இன்னும் மோசம். கோர் நிறைந்துபோய், லோடே இல்லாமல் சூடாகி உறும ஆரம்பிக்கும்.

வால்வு ரெக்டிஃபையர்தான் வேண்டும் என்றால் அதற்குத் தனி வைண்டிங் தேவை. ஜிஇசட்34 என்ற ரெக்டிஃபையர் வால்வுக்கு 5 வோல்ட், 1.9 ஆம்பியர். இந்த 5 வோல்ட் வைண்டிங்கைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். அந்த வால்வின் கேதோடு ஹீட்டரோடு இணைந்தது. ஆகவே அந்த இரண்டு வயர்களும் சேசிஸைப் பொறுத்து முழு எச்.டி. வோல்டேஜில் (வால்வுகளுக்குப் போகும் உயர் டிசி) இருக்கும். '5 வோல்ட்தானே' என்று தொட்டால் 300 வோல்ட் அடிக்கும். ஜிஇசட்34-க்குப் பின்னால் வரும் முதல் கெப்பாசிட்டர் 60 மைக்ரோஃபாரடைத் தாண்டவும் கூடாது.

சிலிக்கான் டயோடு போடுபவர்களுக்கு வேறொரு சிக்கல். சுவிட்சைப் போட்டவுடன் எச்.டி. வந்துவிடும், வால்வுகள் சூடாகிக் கரண்ட் இழுக்கப் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். அந்த இடைவெளியில் டிரான்ஸ்ஃபார்மரில் ஏறக்குறைய லோடே இல்லை. 220 வோல்ட்டின் உச்சி 311. லோடு இல்லாதபோது வைண்டிங் பத்து சதவீதம் ஏறிக்கொண்டால் 342, மெயின்ஸும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் 360-ஐத் தொடும். ஓடும்போது 285 காட்டியதை நம்பி 350 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டிருந்தால், ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் அது அடி வாங்கிக்கொண்டிருக்கும். 450 வோல்ட் போடுங்கள்.

பழைய ரேடியோவிலிருந்து கழற்றியது கிடைத்தால் விட மனசு வராது, எனக்கும் தெரியும். ஐந்து வால்வு ரேடியோவின் டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் 60, 70 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. நமது ஸ்டீரியோவுக்கு அது ஆகாது. சின்ன மோனோ ஆம்புக்கு வைத்துக்கொள்ளலாம், அதுவும் 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) பிரைமரிக்கும் கோருக்கும், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இன்சுலேஷன் பார்த்த பிறகுதான். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் (பிரைமரிக்கும் செகண்டரிக்கும் ஒரே காயில்) மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரே இல்லாமல் மெயின்ஸை நேரே ரெக்டிஃபை செய்யும் சர்க்யூட்டும் வேண்டாம். இரண்டிலும் மெயின்ஸுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. இன்புட் சாக்கெட்டில் கேபிள் செருகுகிற ஆள்தான் எர்த்துக்கு வழி.

டொராய்டா (வளையக் கோர்) ஈஐ கோரா (E, I வடிவத் தகடுகளை அடுக்கியது) என்ற விவாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. டொராய்டில் சிதறும் காந்தப்புலம் குறைவு, ஆனால் சுவிட்ச் போடும்போது இழுக்கும் கரண்ட் அதிகம். டைம்-லேக் ஃபியூஸ் (சிறிது நேரம் தாங்கி, பிறகே போகும் வகை) போடாவிட்டால் ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும். ஈஐ என்றால் அதன் கோரை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறுக்காக, 90 டிகிரியில் வையுங்கள். துளை போடும் முன் பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைத் திருப்பிப் பாருங்கள். ஹம் எங்கே குறைகிறது என்பது காதிலேயே தெரியும்.

புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தவுடன் செகண்டரி எதையும் இணைக்காமல், பிரைமரியோடு 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மினுக்கி அணைந்தால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். பல்பை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் லோடில்லாமல் ஓடவிடுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கையும் உருவிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடென்றால் சேசிஸில் ஏற்றாதீர்கள், விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.