பதினான்கு அணி, ஒரே ஒரு முழங்கை

2025 ஜூலை 22. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் என்ற பேஸ்பால் அணிக்காகப் பந்து வீச இறங்கிய ரிச் ஹில்லுக்கு வயது 45. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகில் அது அவருடைய பதினான்காவது அணி. 2019-இல் டொராண்டோ ப்ளூ ஜேஸில் சேர்ந்து எட்வின் ஜாக்சன் வைத்திருந்த, அதிக அணிகளுக்கு ஆடிய சாதனையை அன்றைக்கு அவர் சமன் செய்தார். எதிரே நின்றது சிகாகோ கப்ஸ், இருபது வருடத்துக்கு முன்பு அவர் முதன்முதலாக மேஜர் லீக் ஆடிய அதே அணி.

நான் ஹூஸ்டன் பக்கம் ஷுகர் லேண்டில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். தோள், முழங்கை வலியோடு வரும் பேஸ்பால் பையன்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அவர்களில் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். அழைத்து வரும் அப்பா அம்மாக்கள் மனதில் இருப்பது நோலன் ரயன் போன்ற நட்சத்திரங்களின் பெயர்கள். நான் அவர்களிடம் ஹில்லைப் பற்றியும் ஜாக்சனைப் பற்றியும்தான் பேசுவேன். ஏனென்றால் தொழில்முறை பிட்சராக, அதாவது பந்து வீசுகிறவராக, ஆகிறவர்களில் நட்சத்திரமாவது மிகச் சிலரே. மற்றவர்கள் பெட்டியை அவிழ்க்காமலே ஊர் ஊராகப் போய் வீசுகிறவர்கள். அந்த வாழ்க்கைக்கு ஒரு கை எவ்வளவு காலம் தாங்க வேண்டும் என்று தெரிந்தால், பன்னிரண்டு வயதில் அதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது தானாகப் புரியும்.

ஜாக்சனின் கதையைக் கேளுங்கள். 2003-இல் தன் இருபதாவது பிறந்த நாளன்று லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்காக முதல் ஆட்டம், எதிரணியில் வீசியவர் ராண்டி ஜான்சன், ஜெயித்தது ஜாக்சன். 2010 ஜூன் 25 அன்று அரிசோனா அணிக்காக ஒரு ஹிட் (பந்தை அடித்து பேஸைப் பிடிப்பது) கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். அதற்கு அவர் வீசியது 149 பந்துகள். இன்றைய மேஜர் லீகில் ஒரு பிட்சர் நூறைத் தாண்டினாலே பயிற்சியாளர் எழுந்து நிற்பார். அப்படி ஆடிக் கொடுத்தவரை ஐந்தே வாரத்தில் சிகாகோ வைட் சாக்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த ஜூலையில் ஒரே நாளில் டொராண்டோவுக்கு, அங்கிருந்து செயின்ட் லூயிஸுக்கு. அந்த அக்டோபரில் செயின்ட் லூயிஸ், மேஜர் லீகின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸை வென்றது. மொத்தக் கணக்கு 107 வெற்றி, 133 தோல்வி. தோல்விதான் அதிகம். ஆனாலும் பதினான்கு அணிகள் அவரைக் கூப்பிட்டன. காரணம் எளிது: அவர் கை வேலை செய்துகொண்டே இருந்தது.

அணிகள் கூப்பிடும் விதமும் கொஞ்சம் கொடூரமானது. அணியின் நாற்பது பேர் பட்டியலிலிருந்து ஒருவர் பெயரை எடுத்தால், ஏழு நாளுக்குள் அவரை வேறு அணிக்கு மாற்றுவார்கள், அதற்குக் கீழ்நிலையான மைனர் லீகுக்கு அனுப்புவார்கள், இல்லையென்றால் வெளியே விட்டுவிடுவார்கள். 2025-இல் மேஜர் லீகின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,60,000 டாலர். அதற்கு ஒரே படி கீழே, டிரிபிள்-ஏ மைனர் லீகில், 2023-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி குறைந்தபட்சம் 35,800 டாலர். அந்த ஒப்பந்தத்துக்கு முன்னால் இன்னும் மோசம்; கீழ்நிலை மைனர் லீகில் வாரம் 290 டாலருக்கு, அதுவும் சீசன் நடக்கும் மாதங்களுக்கு மட்டும், பிள்ளைகள் ஆடினார்கள். மேஜர் லீகில் 43 நாள் இருந்தால் ஓய்வூதியத்தில் பங்கு உண்டு. ஆகவே மேலே போகும் ஒவ்வொரு நாளும் கணக்கு.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், வலியை மறைக்கும் பழக்கம் இங்கேதான் பிறக்கிறது. மைனர் லீகில் சில வருடம் ஆடிவிட்டு வெளியே வந்தவர்கள் என்னிடம் சிகிச்சைக்கு வருவார்கள். பலரும் சொல்வது ஒன்றே: “கை வலிக்குதுன்னு சொன்னா, நாளைக்கு மேலேருந்து போன் வர்றப்ப என் பேர் லிஸ்ட்ல இருக்காது.” பிழைப்புக்காக வளர்ந்த ஆள் எடுக்கும் முடிவு அது. அவர் மேல் எனக்குக் கோபம் வராது. அதே மறைப்பை ஏழாம் வகுப்புப் பையன் முகத்தில் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் பதறுகிறது.

கையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பேட்ஸ்மேன் நிற்கும் பிளேட்டுக்கு 18.44 மீட்டர். அந்தத் தூரத்துக்குத் மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்தில் பந்தை அனுப்ப, தோள் பின்னால் முறுக்கி முன்னால் சுழலும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7,000 டிகிரி. அந்த முறுக்கலின் உச்சத்தில் முழங்கையின் உள்பக்கம் பிய்த்துக்கொண்டு திறக்கப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய விசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். உள்பக்கத்தில் இரண்டு எலும்பையும் இணைக்கும் லிகமென்ட்டை மட்டும் தனியாக ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, சுமார் 32-லேயே அது அறுந்தது. மிச்சத்தை யார் தாங்குகிறார்கள்? முன்கைத் தசைகள். தசை களைத்துப்போனால் அந்தப் பாரமும் லிகமென்ட் மேல் விழுகிறது. ஒரே நாளில் அறுவது அபூர்வம். கிணற்றுக் கயிறு மாதிரி இழை இழையாகத் தேய்ந்து, ஒரு நாள் விட்டுவிடும். கை களைத்த பிறகும் வழக்கமாக வீசிய பையன்களுக்கு அறுவைச் சிகிச்சை வரையில் போகும் வாய்ப்பு 36 மடங்கு அதிகம் என்று 2006-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டியில் வீசியவர்களுக்கு ஐந்து மடங்கு.

“அறுந்தா டாமி ஜான் ஆபரேஷன் இருக்கே, அதுக்கப்புறம் இன்னும் வேகமா வீசலாமாமே?” இந்தக் கேள்வியைப் பெற்றோர் நிஜமாகவே கேட்கிறார்கள். 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானின் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து, இடது முழங்கை எலும்பில் துளை போட்டுக் கோத்துக் கட்டினார். திரும்ப ஆட நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் அப்போது மதிப்பிட்டார்கள். டாமி ஜான் 1975 முழுவதும் உட்கார்ந்து, 1976-இல் திரும்பி, 46 வயது வரை வீசினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 அந்த ஆபரேஷனுக்குப் பிறகு வந்தவை. அற்புதமான மருத்துவம்தான். ஆனால் அது அறுந்ததை மாற்றும் வேலை. வேகத்தைக் கூட்டுவது அதன் வேலை அல்ல. திரும்பியவர்கள் சிலர் வேகமாக வீசினால், அதற்குக் காரணம் ஒரு வருடத்துக்கும் மேலாக அவர்கள் தோள், இடுப்பு, கால் எல்லாவற்றுக்கும் செய்த பயிற்சி. அந்தப் பயிற்சியைக் கத்தி வைக்காமலே உங்கள் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

சென்ற சீசனில் ஓர் அப்பா போனில் வீடியோ காட்டியபடியே உள்ளே வந்தார். ரேடார் ஆப்பில் 70 மைலைத் தாண்டிய எண். பையனுக்கு வயது பதின்மூன்று. பள்ளி அணி, வார இறுதியில் ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் அணி, நடுவில் தனிப் பயிற்சியாளர். சட்டைக் கையை மடக்கி இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன். இடது கை நேராக நீண்டது. வலது கை கடைசியில் கொஞ்சம் மடங்கியே நின்றது. முழங்கையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையை விரலால் அழுத்தினேன். தோள் தூக்கிக்கொண்டது, வாய் திறக்கவில்லை. வலிக்கிறதா என்று கேட்டால் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்து “லேசா” என்றான். அப்பாவை வெளியே உட்காரச் சொன்ன பிறகுதான் ஒரு மாதமாக வலி என்று தெரிந்தது.

வளரும் பையன்களுக்கு அந்த எலும்பு முனை இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது. பதினைந்து பதினாறு வயது வாக்கில்தான் ஒட்டும். அதுவரை லிகமென்ட்டைவிட, அந்த முனைக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள குருத்தெலும்பான வளர்ச்சித் தட்டுதான் பலவீனம். பெரியவர்களுக்கு லிகமென்ட் கிழிகிற இடத்தில் பையன்களுக்கு எலும்பு முனையே இழுபடும். லிட்டில் லீகர்ஸ் எல்போ என்று இதைச் சொல்கிறோம். ஆரம்பத்திலேயே பிடித்தால் சில வாரம் வீசாமல் இருந்தாலே பெரும்பாலும் ஆறிவிடும். விட்டால் அந்த முனை பெயர்ந்தே வரலாம்.

அந்த அப்பா கேட்டது நியாயமான கேள்வி: “நாங்க எல்லாம் மதுரைல வெயில்ல நாள் பூரா பௌலிங் போட்டவங்கதானே, எங்களுக்கு என்ன ஆச்சு?” கிரிக்கெட்டில் கை முழங்கையில் மடங்கி நீளக் கூடாது; பதினைந்து டிகிரிக்கு மேல் நீண்டால் அது தவறான பந்துவீச்சு. ஓடி வரும் வேகமும் உதவுகிறது. அதனால் முழங்கைக்கு இந்த முறுக்கல் கிடையாது. அங்கே அடி வாங்குவது கீழ் முதுகு. வேகப்பந்து போடும் பையன்களுக்கு முதுகெலும்பில் விரிசல் வருவது அதனால்தான். நம் அனுபவத்தை வைத்து பேஸ்பால் பையனின் முழங்கையை அளக்க முடியாது.

வேகம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மேஜர் லீகில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008-இல் 91.3 மைல், 2024-இல் 94.2. தேர்வு செய்ய வருகிறவர்கள் ரேடார் துப்பாக்கியோடுதான் வருகிறார்கள். ஆனால் பிட்சர்கள் காயப் பட்டியலில் ஏறிய எண்ணிக்கை 2005-இல் 212, 2024-இல் 485. மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசும் போக்கைக் காரணமாகச் சொன்னது.

மறுபடி ஹில். 2009-இல் தோளில் அறுவைச் சிகிச்சை, 2011-இல் டாமி ஜான். 2015 கோடையில் வாஷிங்டன் அணியின் மைனர் லீக் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்து, லாங் ஐலண்ட் டக்ஸ் என்ற, மேஜர் லீகோடு தொடர்பில்லாத சுயேச்சை லீக் அணிக்குப் போனார். வயது 35. பாஸ்டன் கூப்பிட்டு அனுப்பியது. அங்கே பிரையன் பானிஸ்டர் என்ற முன்னாள் பிட்சர், வளைந்து இறங்கும் கர்வ்பாலை இன்னும் அதிகமாக, பல வேகத்தில் போடச் சொன்னார். செப்டம்பரில் நான்கு ஆட்டம், 29 இன்னிங்ஸ், 36 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்ஸ்மேனை வெளியேற்றுவது). பதினைந்து மாதம் கழித்து டாட்ஜர்ஸ் கொடுத்த மூன்று வருட ஒப்பந்தம் 4.8 கோடி டாலர். அப்போதும் அவருடைய ஃபாஸ்ட்பால் 90 மைல் அளவுதான்.

எங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஹூஸ்டன் பக்கத்துப் பையன் ஸ்காட் காஸ்மிர், 2011-இல் ஏஞ்சல்ஸ் அணி வெளியே விட்டதும், 2012-இல் ஷுகர் லேண்டின் சுயேச்சை லீக் அணியில்தான் வீசினார். 2013-இல் கிளீவ்லாந்து, 2014-இல் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு. ஜாக்சனும் அவரும் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே அமெரிக்க அணியில் வெள்ளி வாங்கினார்கள்.

இப்போது வீட்டில் செய்ய வேண்டியது. மேஜர் லீகும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் கொடுத்த வழிகாட்டுதலில் ஒரு நாளைய உச்சவரம்பு இருக்கிறது: 9, 10 வயதுக்கு 75 பந்து, 11, 12-க்கு 85, 13 முதல் 16 வரை 95. பயிற்சியாளருக்குத் தன் அணியில் வீசிய கணக்குதான் தெரியும். பள்ளி, டிராவல், தனிப் பயிற்சி மூன்றையும் கூட்டிப் பார்க்க வீட்டில் உள்ளவர்களால்தான் முடியும். ஒரு நோட்டு போடுங்கள். வருடத்தில் நான்கு மாதம் வீசாமல் இருக்கட்டும், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாக. அந்த நேரத்தில் நீந்தட்டும், கூடைப்பந்து ஆடட்டும். வீசிய நாளிலேயே, பந்தைப் பிடித்துப் பிட்சருக்குத் திருப்பி வீசும் கேட்ச்சராகவும் நிற்க விடாதீர்கள், அதுவும் வீச்சுதான்.

முழங்கை உள்பக்கம் வலி, கை முழுதாக நீளாமல் நிற்பது, மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போவது, நன்றாக வீசிக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று பந்து குறி தப்புவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றோடு வீச்சை நிறுத்துங்கள். வலி மாத்திரை கொடுத்து மைதானத்துக்கு அனுப்ப வேண்டாம். அடுத்த வாரம் டோர்னமெண்ட் இருந்தாலும் எலும்பு மருத்துவரையோ விளையாட்டு பிசியோவையோ முதலில் பாருங்கள். வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள். முதல் பத்து நிமிடம் பிள்ளையிடம் தனியாகப் பேசச் சொல்லி நீங்களே கேளுங்கள்.