வெனிலாவைக் காய்க்க வைத்த சிறுவன்

வெனிலாவின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே அதன் பூக்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்துவைக்கத் தேனீக்கள் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்குக் கொடியை மட்டும் கொண்டுபோனார்கள். கொடி நன்றாகப் படர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை.

அந்தத் தீவில், 1829-ல், அடிமைப் பெண் ஒருவருக்குப் பிறந்தவன் எட்மண்ட். பிரசவத்திலேயே தாய் இறந்துவிட்டார். பிறப்பால் அவனும் அடிமை. குடும்பப் பெயர்கூடக் கிடையாது. தோட்ட முதலாளி பெலியே-பொமோனுக்குச் செடிகொடிகள் என்றால் உயிர். பையனைக் கூடவே அழைத்துப்போய்ச் செடிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார். பூசணி வகைக் கொடி ஒன்றில் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் கையால் தடவிக் காய் பிடிக்க வைப்பதும் அப்படிக் கற்றதுதான். எழுதப் படிக்க மட்டும் கற்றுத்தரவில்லை.

1841-ல் ஒருநாள், ஏறக்குறைய 20 வருடமாகக் காய்க்காத வெனிலாக் கொடியில் காய் ஒன்று தொங்குவதை முதலாளி பார்த்தார். தான்தான் செய்தேன் என்றான் எட்மண்ட். அவனுக்கு அப்போது 12 வயது, அவர் நம்பவில்லை. சில நாளில் இன்னொரு காயும் பிடித்திருந்தது. சரி, செய்துகாட்டு என்றார்.

பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. வெனிலாவில் இரண்டு உறுப்புகளும் ஒரே பூவுக்குள், ஒரே தண்டில் இருக்கின்றன. மேலே மகரந்தம், கீழே அதை ஏற்கும் சூல்முடி, நடுவில் கதவு போல ஒரு மெல்லிய மடல். அந்த மடல் மறிப்பதால்தான் பூ தானாகக் கருவுறுவதில்லை. எட்மண்ட் இதழைக் கிழித்து விலக்கினான். மெல்லிய மூங்கில் சிம்பால் மடலை மேலே தூக்கினான். கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியின் மேல் அழுத்தினான். அவ்வளவுதான், சில நொடி வேலை. ஆனால் காலையில் விரியும் பூ அன்றே வாடிவிடும், அதற்குள் செய்தாக வேண்டும். அப்புறம் காய் முற்ற எட்டு, ஒன்பது மாதம் ஆகும்.

பெல்ஜியத்தில் சார்ல் மோரன் என்ற தாவரவியலாளர் 1836-லேயே கண்ணாடிக் கூடத்தில் வெனிலாவைக் காய்க்க வைத்திருந்தார். ஆனால் தோட்டம் முழுக்கப் பூக்கும் ஆயிரக்கணக்கான பூக்களுக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு அவருடைய முறை எளிதாக இல்லை. பார்வைக்குப் பூசணியோடு எந்த ஒட்டும் இல்லாத பூவில் தடை எங்கே இருக்கிறது என்று எட்மண்ட் கண்டுபிடித்தானே, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அசலான அறிவியல் மூளை அது.

மற்றத் தோட்டங்களின் அடிமைகளுக்கும் அவனே போய்க் கற்றுக்கொடுத்தான். 1848 டிசம்பரில் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. அல்பியுஸ் என்ற குடும்பப் பெயரும் கிடைத்தது. பின்னாளில் ழான் ரிஷார் என்ற தாவரவியலாளர், அந்த முறையைத் தீவுக்குக் கற்றுத்தந்தது தான்தான் என்று உரிமை கொண்டாடினார். அதை மறுத்து எட்மண்டுக்காகக் கடிதம் எழுதியவர் பெலியே-பொமோன். வெனிலாவால் தோட்டக்காரர்கள் பணக்காரர்கள் ஆனார்கள். எட்மண்ட் அல்பியுஸ் 1880-ல் வறுமையில் இறந்தார்.